ரஹ்மத் மேடம் வெட்ட விடாத ஓடு

குத்தாலத்துக்கு அருகே எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தேன். ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்ப்பதும், இன்னும் காயட்டும் என்று சொல்லிவிட்டுப் போவதுமாக இருந்தார்கள். காலையில் பனி, பகலில் மேகமூட்டம், நெல் எங்கே காயும்? அந்த அலுப்போடு தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் சபீனாவிடமிருந்து ஃபோன் வந்தது. சபீனா, ரஹ்மத் மேடத்தின் ஒரே மகள்.

"சார், அம்மா இன்னிக்குக் காலையில மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பக்கத்துக் குவியல்காரரிடம் நெல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மயிலாடுதுறைக்கும் அங்கிருந்து திருவாரூருக்கும் பஸ் பிடித்தேன். எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. இந்த ஓராண்டில் நான் போய்வந்த துக்க வீடுகளைக் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். மற்ற வீடுகளுக்குப் போகும்போது கால்வலிதான் பெரிய கவலையாக இருக்கும். மேடத்தின் ஊரான கூத்தாநல்லூருக்குப் போகும் அந்தப் பஸ்ஸில் கால்வலி நினைவுக்கே வரவில்லை. அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது, அதை இனி அவரிடம் சொல்ல முடியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். டாக்டர் ரஹ்மத்துன்னிசா தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். பழங்கால மட்பாண்ட ஓடுகளை வெட்டாமல், சுரண்டாமல், கரைக்காமல், அவை எந்த ஊர் மண்ணால் ஆனவை என்று ஆராய்வதில் பாதி வாழ்நாளைச் செலவிட்டவர். நான் அதே கல்லூரியில் வரலாற்றுத் துறையில் இருந்தேன். நூலகத்துக்குப் பின்னால், மழை பெய்தால் ஒழுகும் ஓர் அறையில் இருந்த சின்ன அருங்காட்சியகமும் என் பொறுப்பில்தான் இருந்தது.

முதல் சந்திப்பே சண்டையில்தான் தொடங்கியது. வயல்களிலும் கரைகளிலும் கிடைக்கும் ஓடுகளின் மேல் படிந்த சுண்ணாம்பை எடுக்க, ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது எங்கள் வழக்கம். ஒரு நாள் யாரோ ஓர் அம்மையார், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வாளியின் அருகே நின்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன கரைகிறது என்று கேட்டார். சுண்ணாம்பு என்றேன். சுண்ணாம்பு மட்டும்தானா, பார்த்தீர்களா என்றார். நான் எப்படிப் பார்ப்பது? அவர் வாளியிலிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு தண்ணீரில் போட்டார். பிறகு ஆசிட் கேனைத் தாமே தூக்கிக்கொண்டு போய் வேதியியல் துறையில் கொடுத்துவிட்டு வந்தார். என் அறையில் நுழைந்து என் கேனைத் தூக்கிக்கொண்டு போன அந்தத் துணிச்சலை நான் ஒரு மாதம் மன்னிக்கவில்லை. அதன் பிறகு நான் ஆசிட் வாங்கவும் இல்லை.

தினமும் கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி வந்து பஸ் மாறி வருவார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும் நேரத்தில்தான் விடைத்தாள் திருத்துவார், அங்கே திருத்திய தாள்களில் கோடு நேராக இருக்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். கணவர் கோலாலம்பூரில் கடை வைத்திருந்தார், ஆண்டுக்கு ஒருமுறை வருவார். பிறகு அங்கேயே காலமானார். அதைப் பற்றி மேடம் அதிகம் பேசியதில்லை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுவார், ஆசிரியர் அறையில் சத்தம் தாங்கவில்லை என்பார். நோன்பு மாதத்திலும் அதே நேரத்துக்கு வந்து வேலை பார்ப்பார். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், எனக்கு ஒன்றும் ஆசை வந்துவிடாது என்று சிரித்தார்.

ஓட்டைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. சனி ஞாயிறுகளில் காவிரிக்கரை, வெண்ணாற்றங்கரை, வாய்க்கால், வயல் என்று சுற்றிப் பாலிதீன் பைகளில் களிமண் சேர்த்தார். எங்கள் குத்தாலத்து வயலிலும் வந்து எடுத்தார். மேடம் நம்ம வயலைப் பிடி பிடியா அள்ளிட்டுப் போயிடப் போறாங்க என்று என் தம்பி கிண்டல் செய்தான். வெளிநாட்டு ஓட்டைத் தேடுகிறவருக்கு நம்மூர்ச் சேறு எதற்கு என்று நானும் கேட்டேன்.

"நம்ம மண்ணு எதுன்னே தெரியாம, இது நம்ம மண்ணு இல்லேன்னு எப்படி சார் சொல்றது?" என்றார்.

இனி அந்த ஓட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூம்புகாருக்கு அப்பால் கடலோரக் கிராமம் ஒன்றில் கலியமூர்த்தி என்ற விவசாயி, மீன் குட்டை வெட்டியபோது கிடைத்தது அது. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் கறுப்புப் பூச்சு, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் சேற்றில் கிடந்தும் கண்ணாடியாக மின்னியது. உடைந்த விளிம்பில் மட்டும் செம்மண் நிறம் தெரிந்தது. பண்டைய கிரேக்கர்கள் செய்த கறுப்புப் பளபளப்புக் கிண்ணங்களின் படங்களை நான் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். யவனர்கள் நம் கரைக்கு வந்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் கிரேக்க மண்ணில், கிரேக்கக் குயவன் செய்த ஒரு கிண்ணத்தின் துண்டு நம் சேற்றில் கிடைத்தால் அது வேறு சமாச்சாரம். நான் ஓய்வு பெறுவதற்குள் இதை நிரூபித்துவிட வேண்டும் என்று பேயாக அலைந்தேன்.

கலியமூர்த்தி அதைச் சும்மா தரவில்லை. அவர் மனைவி ஓர் எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து, நடுவில் ஓட்டை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். நிலத்தில் கிடைத்ததைத் தரையில் வைத்துக் கொடுக்கக்கூடாது என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஓட்டைத் தட்டோடு கொண்டுவந்து, தட்டோடே அலமாரியில் வைத்தேன். வெறும் மேசையில் அதை ஒரு நாளும் வைத்ததில்லை.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு எழுதினேன். விரல்நகம் அளவு வெட்டி அனுப்பினால் பொடியாக்கிப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிடலாம் என்று பதில் வந்தது. நான் வெட்டத் தயார். மேடத்திடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ருசி பாக்குறேன்னு தின்னுட்டா அப்புறம் பரிமாற என்ன சார் இருக்கும்? வெட்டுனா வெட்டுனதுதான். இப்ப நமக்குப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான். நாளைக்கு நல்லாப் பாக்கத் தெரிஞ்சவங்க வருவாங்க. அவங்களுக்கு முழுசா இருக்கட்டும்."

வெட்டாமல் பார்க்க வழி இருந்தது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அந்தச் சாதனத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கைக்கருவி. எக்ஸ் கதிரை ஓட்டின் மேல் அடித்தால் ஓட்டில் உள்ள ஒவ்வொரு உலோகமும் தன் பங்குக்கு ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து இரும்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். ஏதென்ஸ் பக்கத்து மண்ணில் குரோமியமும் நிக்கலும் அதிகம். நம் வண்டலில் அந்த அளவுக்கு இல்லை என்பதை மேடத்தின் பாலிதீன் பைகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. வெளி மாநில ஆய்வகம் ஒன்றுக்கு இரண்டாண்டுகள் கடிதம் எழுதி, கெஞ்சி, அந்தக் கருவியை அவர் நான்கு நாட்களுக்குத் தம் பெயரில் வாங்கினார்.

நான்காம் நாள். கறுப்புப் பூச்சின் மேல் எல்லா அளவுகளையும் அவரே எடுத்து முடித்துவிட்டார். பாக்கி இருந்தது உடைந்த விளிம்பு. அங்கேதான் பூச்சு இல்லாத உள்மண் தெரியும், அதனால் அதுதான் முக்கியமான அளவு. விளிம்போ கருவியின் வாயைவிட ஒடுங்கியது. ஃபேன் வந்த பெட்டியின் தெர்மாகோலைச் செதுக்கி, ஓட்டைச் செங்குத்தாக நிறுத்த ஒரு தாங்கி செய்து வைத்திருந்தார். மதியத்து லுஹர் தொழுகை நேரம் வந்தது. மாலையில் கருவியை எடுத்துப் போக ஆள் வந்துவிடும். மூன்று அளவுகள்தானே, நீங்கள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

அன்று கலியமூர்த்தி வேட்டி சட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தட்டில் வைத்து நீட்டியதை, அவர் கண்ணெதிரே, குப்பைக்குப் போக வேண்டிய தெர்மாகோலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாங்கியை ஓரமாக ஒதுக்கினேன். தட்டை எடுத்து வைத்து, ஓட்டை அதன் மேல் நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூன்று முறை அளந்தேன். மேடம் திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். தட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அது சொல்ல வேண்டிய விஷயமென்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.

விளிம்பில் குரோமியமும் நிக்கலும் அள்ளிக்கொண்டு வந்தன. மேடத்துக்கு அது உறுத்தியது. பூச்சில் இல்லாதது விளிம்பில் மட்டும் எப்படி இவ்வளவு வரும், இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். கருவி போய்விட்டது, மறுபடி கிடைக்க எத்தனை ஆண்டு ஆகுமோ. நான் விடவில்லை. முதல்வரிடம் சொன்னேன், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எல்லாப் பக்கமும் நெருக்கியதில், இது கிரேக்கக் கிண்ணம் என்று ஆய்விதழுக்கு எழுதிய கட்டுரையில் அவர் கையெழுத்துப் போட்டார். கலியமூர்த்தியின் ஊர் முகப்பில் கிரேக்கக் கிண்ணம் கண்ட ஊர் என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் என் படமும் இருந்தது.

ஓராண்டு கழித்து வேறு ஒரு வேலைக்காகக் கருவி மறுபடி வந்தது. மேடம் யாரையும் கேட்காமல் முதலில் அந்த ஓட்டை எடுத்து, தெர்மாகோலில் நிறுத்தி, விளிம்பை அளந்தார். குரோமியம் இறங்கியிருந்தது, நிக்கல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. அவர் அலமாரிக்குப் போய், தட்டை எடுத்துவந்து கருவியைத் தட்டின் மேல் வைத்து அழுத்தினார். திரையில் வந்த எண்களை எனக்குக் காட்டினார். எவர்சில்வர் என்பதே இரும்பில் குரோமியமும் நிக்கலும் கலந்த உலோகம். நான் விளிம்பில் அடித்த கதிர் இரண்டு பக்கமும் வழிந்து தட்டில் பட்டுத் திரும்பியிருக்கிறது. ஏதென்ஸ் மண் என்று நாங்கள் ஊருக்குச் சொன்னது, கலியமூர்த்தி வீட்டுத் தட்டு.

யாருக்கும் தெரியாது மேடம், விட்டுவிடுங்கள் என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

அவர் விடவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், எவர்சில்வர் தட்டில் வைத்து அளந்தது தம் கவனக்குறைவு என்றும் எழுதினார். அதைப் படித்துவிட்டு, தட்டில் வைத்தது நான் அல்லவா என்று கேட்டேன். கேட்டது மட்டும்தான், என் பெயரையும் போடுங்கள் என்று சொல்லவில்லை.

"மெஷின் எம்பேர்ல வந்துச்சு. கையெழுத்து என்னுது. தாங்கிய மாத்தாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொழப் போயிருக்கணும், சொல்லல. அந்த அளவுக்குத் தப்பு என்னுதுதான். உங்க மேல கோவம் இருக்கு சார், இல்லேன்னு சொல்லல. அது வேற" என்றார்.

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. கலியமூர்த்தியிடம் சொல்ல அவரே அந்தக் கிராமத்துக்குப் போனார், என்னையும் கூப்பிட்டார். முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அங்கே நடந்ததைக் கலியமூர்த்திதான் பிறகு என்னிடம் சொன்னார். அப்படியானால் அது யாருடைய பாத்திரம் என்று அவர் கேட்டிருக்கிறார். மேடம், "தெரியலங்க. கிரேக்கத்துதுன்னும் சொல்ல முடியல, இல்லேன்னும் சொல்ல முடியல. ஆனா முழுசா இருக்கு" என்றாராம். இவ்வளவு படித்த அம்மா நம் வீடு தேடி வந்து தெரியவில்லை என்று சொன்னது, கலியமூர்த்திக்குப் பெரிய மரியாதையாகப் பட்டிருக்கிறது. ஃபிளெக்ஸை அவர்களே இறக்கிவிட்டார்கள்.

கல்லூரியில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்த ஆய்வகம் அதன் பிறகு அவருக்குக் கருவி தரவில்லை. கைக்கு வரவிருந்த துறைத்தலைவர் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. எவர்சில்வர் மேடம் என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் கிரேக்கத்தைக் கண்டுபிடித்தவர் என்று டீக்கடை வரை பேச்சு. நான் அந்த டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கவில்லை என்பதை ஒரு பெருமையாக இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறால் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். உடம்பு வற்றிப்போய், கை ஊசித் தழும்பாக இருந்தது. தப்பு என்னுடையது என்று ஊரறியச் சொல்கிறேன் என அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். அறையில் உறவுக்காரர்கள் இருந்தார்கள், நான் நெல் விலையைப் பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார், அந்த ஓட்டை யாராவது வெட்டினார்களா என்று. இல்லை, அப்படியே இருக்கிறது என்றேன். அது போதும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கூத்தாநல்லூர் போய்ச் சேர்ந்தபோது இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் பள்ளிவாசல் வாசலில் நின்றேன். பிறகு அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போய், மற்றவர்கள் செய்ததைப் பார்த்து, நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சபீனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த ஓடு விஷயத்துல எங்க அம்மா அவ்வளவு அஜாக்கிரதையாவா இருந்தாங்க? வீட்டுல உப்பு டப்பா மூடிய கூட சரியா மூடியிருக்கான்னு ரெண்டு தடவ பாப்பாங்க. எனக்கு இன்னும் நம்ப முடியல."

"இல்லம்மா" என்றேன். "தட்டுல வச்சது நான். அவங்க தொழப் போயிருந்தாங்க."

அவள் என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு, அது அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"அம்மாவோட பிரிவு உபசார விழாவுல அந்த எவர்சில்வர் பேரச் சொல்லி மேடையிலயே சிரிச்சாங்க சார். அம்மா தல குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. நான் மூணாவது வரிசையில இருந்தேன். நீங்க மேடையில இருந்தீங்க."

உண்மைதான். மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அவங்க காலேஜ் ஆளுங்கல்லாம் வருவாங்க. அங்க சொல்லுங்க சார்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அதற்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன். எழுந்து நின்று பேசினால் நான் வளைத்து வளைத்துப் பேசி நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நாற்பதாம் நாள் அவர் வீட்டு வாசலில், அவருக்குப் பட்டப்பெயர் வைத்து அழைத்தவர்கள் முன்னால், இதை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். ஓடு அருங்காட்சியகத்தில் முழுதாக இருக்கிறது. அது எந்த ஊர்க் குயவன் செய்தது என்று இன்றும் யாருக்கும் தெரியாது. இனி வருகிறவர்கள் அதை வெட்ட நினைத்தால் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிட்டு யோசிக்கட்டும்.

அன்று பஸ்ஸுக்குப் போகும் வழியில் மையவாடியின் கம்பிக் கதவருகே நின்றேன். எல்லோரும் போயிருந்தார்கள். குவித்த மண்ணின் மேல் ஊற்றிய தண்ணீர் இன்னும் முழுதாக உறிஞ்சப்படவில்லை, தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளை நட்டிருந்தது. ஊரார் முன் வாசிப்பதற்கு முன்னால், அங்கே நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

மேடம், விளிம்பில் அந்த மூன்று அளவுகளையும் எடுத்தவன் நான். நீங்கள் இல்லை. போய் வாருங்கள்.